பழங்காநத்தத்து ஜீப்பின் பானெட்டை முன்வைத்து ஓர் அடுக்காய்வு

வீட்டு வாசலில் பழைய ஜீப்பைப் பிரித்துப் பூட்டுவது குறித்துத் தமிழில் முறையான ஆய்வு இல்லாமைக்குக் காரணம், ஜீப் வைத்திருப்போர் எழுதுவதில்லை, எழுதுவோரிடம் ஜீப் இல்லை என்பர் (டீக்கடை, வாய்மொழி). அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வு எல்லை: மதுரை பழங்காநத்தத்தில் டி.வி.எஸ். நகரை ஒட்டிய ஒரு சந்து, அதிலும் வேப்பமரத்தடி மட்டும். எல்லையை இவ்வளவு சுருக்கியது ஏன் எனின், கட்டுரையாளரின் மொட்டைமாடியிலிருந்து தெரிவது அவ்வளவே. இதைவிடச் சிறிய சன்னல் வழியே பார்த்து முனைவரானோர் உளர்.

ஆய்வுப்பொருள், போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி மலையேறி ஓய்ந்த ஒரு ஜீப். வாங்கிவந்தவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர். ஸ்பேனரை இதற்குமுன் தொட்டதில்லை. ஆயினும் வீடியோக்களில் துறைபோகியவர். இனி இவர் ‘பதிப்பாசிரியர்’ எனச் சுட்டப்படுவார்.

முதற்கண் இனங்காணல். முகத்தகரத்தில் நெடும்பிளவு 9 இருப்பின் அது இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ். 7 இருப்பின் ஊருக்குள் பிழைக்க வந்த ஜீப். நமது சான்றில் 7. நெற்றி உயர்ந்திருத்தலின் இது சிஜே-3பி வகை என்று துணியலாம். 1953-இல் அமெரிக்காவில் வந்த அவ்வகையில், காற்றை உள்வாங்கும் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகையை வெளித்தள்ளும் வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்தன. என்ஜின் உயரவே பானெட்டும் உயர்ந்தது. பிறந்த நாட்டார் 1968-இல் கைவிட்டுவிட, 1945-இல் லூதியானாவில் தொடங்கி 1947-இல் பம்பாயில் வில்லிஸைப் பூட்டப் புகுந்த மகிந்திரா அதன் பிறகும் விடாது செய்தது. மூலநூல் வழக்கொழிந்தபின் உரைமரபு தழைப்பது நமக்குப் புதிதன்று.

ஆனால் இச்சான்றில் நெற்றியை உயர்த்திய அந்தப் பெட்ரோல் என்ஜின் இல்லை. யாரோ இறக்கிவிட்டுப் பியூஜோ வழிவந்த டீசல் என்ஜினை ஏற்றியுள்ளனர். இடைச்செருகல்! இதன் விளைவாக வண்டியில் இருமொழிக் கொள்கை நிலவுகிறது: பாடி அங்குலம் பேசும், என்ஜின் மில்லிமீட்டர் பேசும். பதிப்பாசிரியர் அரை அங்குல நட்டுக்குப் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டார். அரை அங்குலம் என்பது 12.7. எஞ்சிய 0.3 மில்லிமீட்டரில் நட்டின் மூலைகள் அனைத்தும் வழுக்கி உருண்டையாயின.

சட்டநிலை: 50 ஆண்டு கடந்து, உருமாறாத வண்டியெனில் 2021-ஆம் ஆண்டு விதிப்படி ‘விஏ’ என்னும் எழுத்துள்ள தனி எண் பெறலாம், பெற்றபின் அன்றாடம் ஓட்டலாகாது. இது இப்போதே ஓடவில்லை. விதியின் பிற்பாதி நிறைவேறிற்று.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பானெட்டுக்கு வருவோம். பதிப்பாசிரியர் இப்பணியைப் ‘பெயிண்ட் சுரண்டுதல்’ என்றே எண்ணி உப்புத்தாளை எடுத்தார். மதுரைக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில் கீழடி அகழாய்வுக்களம் இருக்க, சுரண்டுதல் என்பது அத்தனை எளிய சொல்லா? கட்டுரையாளர் மாடியிலிருந்து இறங்கிச்சென்று தடுத்து, பானெட்டை நான்கு கால்பகுதிகளாக நூல்கட்டிப் பிரித்தார்.

மேலடுக்கு வெள்ளை. சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் அடுக்கில் ஆய்வுலகை உலுக்கும் சான்று கிட்டியது. ஒரு கட்சிக்கொடியின் வண்ணமும், அதன்மேலேயே எதிர்க்கட்சிக் கொடியின் வண்ணமும்! இரண்டுக்கும் இடையே புழுதிப்படலம் அறவே இல்லாமையால், இரு பண்பாடுகளுக்குமான கால இடைவெளி ஓர் இரவே என்பது எம் துணிபு. அது வாக்கு எண்ணிய இரவாகலாம். படையெடுப்பால் நேர்ந்த மாற்றம் என்பார் ஒரு சாரார். உள்நாட்டு வளர்ச்சியே என்பார் மறுசாரார் (பெயிண்டர், நேர்காணல், கூலி வாங்குமுன்). கூலி வாங்கியபின் பெயிண்டரே அதை மறுத்துவிட்டார். ஆய்வு நெறிப்படி நிதி கிடைத்தபின் கூறிய கருத்தே வலிதாம்.

அதன்கீழ் நீலம், அதன்கீழ் மறுபடி நீலம். அதன்கீழ்தான் பட்டிக்காலம் தொடங்குகிறது.

பட்டிக்காலம் நெடியது. ஒடுக்கு விழுந்த இடமெல்லாம் தட்டி நிமிர்த்தச் சோம்பிப் பட்டி வைத்து மெழுகிய தலைமுறைகளின் காலம் அது. பட்டியை மூவகையாகப் பகுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பட்டறை மரபைச் சேர்ந்தது என நிறுவும் நூல் ஒன்று இருந்தது (டிங்கர் ஒருவர், ‘பட்டியியல்’, திருத்திய பதிப்பு, பட்டறைச் சுவரில் கரித்துண்டால் எழுதியது, வடபுறச் சுவர், கேலண்டருக்குக் கீழே, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததில் முதல் இரண்டு இயல் மறைந்தன, மூன்றாவதன்மேல் ஆணியடித்துச் சைக்கிள் டியூப் மாட்டப்பட்டது, முழுமையும் படித்தவர் எவருமிலர், மேற்கோள் காட்டாதவரும் எவருமிலர்). இறந்துபட்ட நூலுக்குரிய மதிப்பு இருக்கிற நூலுக்கு எந்நாளும் வாய்ப்பதில்லை. இதனை உணர்ந்தே நம் பேராசிரியர் சிலர் தம் நூல்கள் அச்சில் இருக்கும்போதே யாரும் படிக்காவண்ணம் எழுதிவருகின்றனர்.

தோண்டுவோர் இறுதியில் கன்னிமண்ணை எட்டுவர். நாம் தகரத்தை எட்டவேண்டும். வடகிழக்குக் கால்பகுதியில் உப்புத்தாள் மேன்மேலும் இறங்கிற்று. திடுமெனப் பதிப்பாசிரியரின் விரல் மறுபுறம் வெளிப்பட்டு, கீழே ஏர்கிளீனரைத் தொட்டது. ஆங்கே தகரமே இல்லை! அது துருவாகி உதிர்ந்து எத்தனையோ காலம் ஆகியும், பட்டி தன்னைத் தானே தாங்கிக்கொண்டு மலையேறி இறங்கியிருக்கிறது. “தகரம் போனா என்ன தம்பி, பட்டி நிக்குதுல்ல?” என்றார் டிங்கர். தத்துவத் துறையினர் இதனைத் தனியே ஆராய்க.

முடிவுகளைத் தொகுத்து, பதிப்பாசிரியரின் தாயாரிடம் அறிக்கை அளிக்கப்பட்டது. கீழடியின் முதல் இருகட்ட அகழாய்வு பற்றி 2023-இல் தந்த 982 பக்க அறிக்கையே, திருத்தித் தருக என 2025-இல் திரும்பி வந்ததன்றோ? நமது அறிக்கை அன்று மாலையே திரும்பியது. காலக்கணிப்பில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. “அடேய், எல்லாம் எழுதியிருக்கீங்க, எத்தனை கிலோ தேறும்னு எழுதலையே? பேரீச்சம்பழக்காரன் வெள்ளிக்கிழமை வர்றான்” என்றார்.

இரண்டாம் கட்ட ஆய்வு வியாழனுக்குள் முடிக்கப்படும்.