வெற்றுக் குடத்தின் மெய்ப்பொருள்

மனிதன் பொருளைப் படைக்கிறான். பொருள் மனிதனைப் படைக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நானூறு பக்கத்துக்கு இழுத்தால் முனைவர் பட்டம் கிடைக்கும். இங்கே பக்கப் பஞ்சம். ஆகவே இவ்வாய்வு திருவொற்றியூர்த் தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றுகொள்கிறது.

முன்னோர் ஆய்வு: ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹைடெக்கர், 1950இல் ‘பொருள்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையில் ஒரு கூஜாவை எடுத்துக்கொண்டு, அதன் சாரம் சுவரிலோ அடியிலோ இல்லை, உள்ளிருக்கும் வெறுமையில்தான் என்று நிறுவினார். பின்வந்த அறிஞர்கள் அந்தக் கூஜாவைத்தான் இன்றுவரை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். குடம் வெறுமையாக இருப்பது எங்கள் தெருவில் நிறுவ வேண்டிய செய்தி அல்ல.

வகைப்பாடு:

மண் குடம்: உடைந்தது.

பித்தளைக் குடம்: அடகில் உள்ளது. மீட்டபின் ஆராயப்படும்.

எவர்சில்வர் குடம்: சீர்வரிசைக்கு வரும்; தண்ணீர் வரிசைக்கு வராது.

பிளாஸ்டிக் குடம்: இது எண்ணெய் வம்சம். பக்கத்து மணலியில் 1969 முதல் கச்சா எண்ணெய் காய்ச்சுகிறார்கள். வடக்கே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு 2010இல் கடல்நீர் ஆலை திறந்தார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, வாயைப் பிளந்துகொண்டு நம் குடம்.

கல்வெட்டியல்: குடத்தின் கழுத்தில் நகப்பாலிஷால் எழுதிய இனிஷியல் உண்டு. எழுத்தமைதியைக் கொண்டு இதன் காலத்தை இருநூறு ஆண்டுகள் முன்னே தள்ளலாம். தள்ளினால்தான் மாநாட்டுக்குக் கூப்பிடுவார்கள்.

பிரதிநிதித்துவம்: விடியற்காலை நாலரைக்குக் குடம் வரிசையில் நிற்கிறது, உடையவர் உறங்குகிறார். ஆகவே குடமே உடையவர். நீலக் குடத்தை ஓரடி பின்னுக்குத் தள்ளினால் குடத்துக்கு வலிப்பதில்லை. மூன்றாம் வீட்டு அக்காவுக்கு வலிக்கிறது. பேச்சு தள்ளியவரின் பாட்டன் பூட்டன் வரை போகிறது (நேரில் கேட்டது, காதைப் பொத்திக்கொள்ளும் வரை). குடம் வீட்டில் அரிசி ஊறவைக்கும் வேலையில் இருந்தால் செங்கல் வந்து நிற்கும். செங்கல் குடத்தின் பிரதிநிதி. குடம் அக்காவின் பிரதிநிதி. செங்கல்லும் காணாமற்போனால் அவ்விடத்தில் ஒற்றைச் செருப்பு. அச்செருப்பு செங்கல்லைக் குறிக்கிறதா, நேராகக் குடத்தையே குறிக்கிறதா என்பதில் இரு மரபுகள் உண்டு (டீக்கடை பெஞ்சு, இடது ஓரம், இரண்டாம் டீ, இதை மறுத்து, அதே பெஞ்சு, வலது ஓரம், ஓசி டீ, இரண்டையும் மறுத்து, பாய்லருக்குப் பின்னாலிருந்து வந்த குரல், பழைய பாக்கி குறித்த பகுதி). வலக்கால் செருப்புக்கு முன்னுரிமை உண்டா என்பது தீராத வழக்கு. தீர்க்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் தனி இருக்கை நிறுவ வேண்டும். வரிசையில் இருக்கை கிடையாது.

முடிவுரை: கள ஆய்வின் கடைசி நாளில், என் பிரதிநிதியாக இக்கட்டுரையின் கைப்பிரதியை வரிசையில் வைத்தேன். பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் செங்கல் வரிசையில் இருந்தது. கைப்பிரதி சாக்கடை ஓரம் கிடந்தது.

“இன்னா சார், பேப்பர்லயா தண்ணி புடிப்ப?” என்றார் அக்கா. “செங்கல்லு உன்துதான? அதான் உன் எடத்த வுட்டு வச்சிகிறேன். போ, கொடம் எடுத்துனு வா.”