மேலிடத்துக்குத் தீவு வாத்தியாரின் விண்ணப்பம்

அனுப்புநர்: ஒப்பந்தக் கணக்கு வாத்தியார், மாலத்தீவின் வடக்கே ஒரு தீவு.

பெறுநர்: எங்களைக் கடல் தாண்டித் தீவுகளுக்கு அனுப்பிவைக்கும் மாண்புமிகு மேலிடம்.

பொருள்: மொழி தெரியாமல் பாடம் நடத்தும் அரும்பணி – நன்றி தெரிவித்தலும் சில சலுகைகள் வேண்டுதலும் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை. எண்ணும் தேதியும் தெரிகின்றன. எதைப் பற்றியது என்பது தெரியவில்லை.

ஐயா அல்லது அம்மையீர் (மேலிடத்தை நேரில் பார்த்தவர் இங்கே யாரும் இல்லை),

இவ்விடம் நான் நலம். தீவும் நலம். வெங்காயம் மட்டும் தலைநகர் மாலேயிலிருந்து சப்ளை போட் வந்தால்தான்.

முதலில் நன்றி. நேர்காணலில் முக்கோணவியல் கேட்டீர்கள். சேட்டை செய்யும் பையனை எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்டீர்கள். கடல் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்றுகூட அக்கறையாக விசாரித்தீர்கள். பிள்ளைகள் பேசும் திவேஹியில் எனக்கு ஒரு சொல்லாவது தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வேலை கிடைத்திருக்காது. பக்கத்து அறை மலையாளிக்கும் கிடைத்திருக்காது. தங்களுக்கும் ஆள் கிடைத்திருக்காது. எல்லாருக்கும் லாபமான இந்த மௌனத்தை நான் குறைசொல்லப் போவதில்லை.

பயிற்றுமொழி ஆங்கிலம், பிறகு திவேஹி எதற்கு என்பது தங்கள் வாதம். காகிதத்தில் அசைக்க முடியாத வாதம். 1960களின் தொடக்கத்தில் மாலேயில் ஆங்கிலவழிக் கல்வி வந்தபோது இலங்கையிலிருந்து ஆசிரியர்களைத் தருவித்தார்கள். பிறகு பள்ளிகள் தீவு தீவாகப் பரவின. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வந்து இறங்கினோம். திவேஹியும் இஸ்லாமும் இந்நாட்டுத் தேர்வுகள். மற்ற பாடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்தாம் வகுப்பில் கேள்வித்தாள் இங்கிலாந்திலிருந்து வருகிறது. கேம்பிரிட்ஜுக்கும் இந்தக் கடற்கரைக்கும் நடுவே ஒரு கோவில்பட்டிக்காரன் நிற்கிறேன். என் ஆங்கில உச்சரிப்பு இரண்டு கரைக்கும் புரிவதில்லை.

கணக்குக்கு மொழி ஏது என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இல்லைதான். அதில் இந்தப் பிள்ளைகள் சூரர்கள். கணக்கு வாக்கியமாக மாறும்போதுதான் வம்பு. இரண்டு ரயில்கள் எதிரெதிரே புறப்படுகின்றன என்று ஒரு கணக்கு. மாலத்தீவில் ரயில் கிடையாது. சொல்லிப் புரியவைக்க எனக்கு மொழியும் கிடையாது. ஆகவே பலகையில் வரைந்தேன். இவ்வளவு நீளமான பஸ் திரும்புவதற்குத் தீவில் இடம் ஏது என்று கேட்டார்கள். ரயில்களை அழித்துவிட்டு இரண்டு படகுகளாக்கினேன். உடனே முன்வரிசைப் பையன் எழுந்து, எதிரெதிரே வரும் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் வேகத்தைக் குறைத்து நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டார்கள் என்று கையாலும் வாயாலும் விளக்கினான். புத்தகத்தின் பின்பக்க விடை அதோடு செல்லாமல் போயிற்று. அடுத்த பாடம் சாய்வு. அதற்குக் குன்று வேண்டும். இந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான். கரையில் இழுத்துப் போட்டிருந்த தோணியின் மூக்கைக் காட்டி நடத்தி முடித்தேன்.

இனி மொழிபெயர்ப்பு ஏற்பாடு. தாங்கள் யாரையும் நியமிக்காததால், ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் சரளமாக வரும் பையன் ஒருவன் அந்தப் பதவியைத் தானாகவே ஏற்றுக்கொண்டான். வகுப்பிலும், பெற்றோர் கூட்டத்திலும், தண்ணீர்க் குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும்போதும் அவன்தான் என் வாய். வேற்றுநாட்டு டாக்டர் இருக்கும் ஹெல்த் சென்டருக்கும் அவ்வப்போது அவனை அழைத்துப்போகிறார்கள். தீவின் ரத்த அழுத்த விவரம் முழுக்க அவனிடம் இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் ஒருநாள் அவனுடைய அம்மாவே வந்து உட்கார்ந்தார். நான் சொன்னது இது: வீட்டுப்பாடம் செய்வதில்லை, கடைசி பெஞ்சில் ஓயாத பேச்சு, தேர்வில் பாதி வினாக்களைத் தொடவே இல்லை. பையன் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அம்மா பக்கம் திரும்பி ரத்தினச் சுருக்கமாக ஏதோ சொன்னான். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து ஒரு பொட்டலம் மாஸ்ரோஷியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சூரை மீனும் தேங்காயும் வைத்துச் சுட்ட ரொட்டி, சூடாக இருந்தது, நான் ஆட்சேபிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் விஷயத்தில் அவன் மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நீளமாகவும் கடுமையாகவும் இருப்பதைக் கவனித்திருக்கிறேன். அவர்களிடமிருந்து ரொட்டி வருவதில்லை.

அடுத்தது தங்கள் சுற்றறிக்கை. அது திவேஹியில் வந்தது. அம்மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அதில்கூட எனக்குச் சிரமமில்லை. என் தொல்லை வேறு. அந்த அரிச்சுவடியின் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பது, பழைய உள்ளூர் எண்களிலிருந்து. ஹா என்பது ஒன்று, ஷவியானி இரண்டு, நூனு மூன்று. கணக்கு வாத்தியாரிடம் போய் இதை யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து தங்கள் சுற்றறிக்கை எனக்கு முடிவில்லாத கூட்டல் கணக்காகவே தெரிகிறது. நிர்வாக அடோல்கள் எனப்படும் தீவுக்கூட்டங்களுக்கும் இதே எழுத்துகளைத்தான் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகச் சூட்டியிருக்கிறார்கள். வேறு அடோலுக்கு மாற்றல் வந்தால் அதுவும் எனக்கு ஓர் எண் மாற்றம்தான். 1970களின் நடுவில் அதிபர் இப்ராஹிம் நசீரின் ஆட்சி தானாவை ஓரங்கட்டி இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தது. 1978இல் ஆட்சி மாறியதும் தானா திரும்பிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளில் வந்த வெளிநாட்டு வாத்தியார்கள் யாரோ புண்ணியம் செய்தவர்கள்.

2022இல் கூகுள் தன் மொழிபெயர்ப்பில் திவேஹியைச் சேர்த்த பிறகு இப்படிப் புலம்பலாமா என்று கேட்பீர்கள். சுற்றறிக்கைக்கு நேரே செல்போனைக் காட்டிப் பார்க்கத்தான் செய்தேன். கிடைத்த ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

மேலிடம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் ஹிந்தி. இந்தத் தீவில் எல்லாருக்கும் அது கொஞ்சம் வரும். யாரும் பள்ளியில் படித்ததில்லை. சினிமாவும் சீரியலும் கொடுத்த கல்வி. இந்திய வாத்தியார் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், பாட்டிகள்கூட ஆசையாக ஹிந்தியில் நலம் விசாரித்தார்கள். நானோ 1968இல் சட்டமன்றத் தீர்மானம் போட்டு இருமொழிக் கொள்கையை ஏற்ற மாநிலத்தின் பிள்ளை. ஷாருக் கான் வசனம் பேசி வரவேற்றவரிடம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் கடற்கரைக் கயிற்று இருக்கைகளில் நடந்த விவாதத்தின் தலைப்பு, நான் உண்மையில் எந்த நாடு என்பது. மலையாளி நண்பர் திருவனந்தபுரம் பள்ளியில் படித்த ஹிந்தியை வைத்துக்கொண்டு அன்று மாலையே நாலு வீட்டில் தேநீர் குடித்துவிட்டார். திராவிட இயக்க வரலாற்றைச் சைகையில் விளக்க முயன்றவர் யாராவது முன்பு இருந்தால், அவர் அனுபவத்தைச் சுற்றுக்கு விடக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் என்னை நிமிர்ந்து நடமாட வைப்பவர், கடையில் வேலை செய்யும் வங்கதேசத் தம்பி. தாய்மொழி வங்காளம். திவேஹி தண்ணீர் பட்ட பாடு, ஹிந்தி வேண்டிய அளவு, ஆங்கிலம் பில் போடும் அளவு. எனக்கு முன்னால் இருந்த வாத்தியார்களின் புண்ணியத்தில் "சார், தக்காளி வந்தாச்சு" என்று சொல்லும் அளவு தமிழும் உண்டு. அவரிடமும் யாரும் நேர்காணலில் மொழி கேட்கவில்லை. ஆனால் அவர் பேசாவிட்டால் முதலாளிக்கு வியாபாரம் நடக்காது. நான் பேசாவிட்டாலும் தங்களுக்குப் பள்ளி நடக்கிறது. வருகைப் பதிவேடு நிரம்புகிறது, பாடத்திட்டம் முடிந்ததாகக் கையெழுத்தாகிறது. கடைக்கும் பள்ளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பற்றிக் கல்வியாளர்கள் யாராவது சிந்தித்திருக்கக்கூடும்.

ஏப்ரல் 14 இங்கே திவேஹி மொழி நாள். 1881இல் அந்தத் தேதியில் பிறந்த எழுத்தாளர் ஹுசைன் ஸலாஹுத்தீன் நினைவாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அன்று சித்திரை முதல் நாள். வீட்டில் இருந்திருந்தால் மாங்காய்ப் பச்சடி. இங்கே ஃபேலி கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்; கறுப்புத் துணியில் வெள்ளைப் பட்டை போட்ட இடுப்பு வேட்டி. வேட்டி கட்டிப் பழகியவன் என்பதால் உள்ளூர் இளைஞர்களைவிட எனக்கு நன்றாகவே நின்றது. மேடையில் ஒருவர் உணர்ச்சி பொங்கப் பேசினார். ஒரு சொல்லும் தெரியாமலே எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மொழி தேய்கிறது, தலைநகரத்துப் பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலம் பேசுகிறார்கள், தாய்மொழியைத் தாய் போலக் காக்க வேண்டும். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு இந்த ஒரு பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. பேசி முடித்தவர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்து, தன் மகளுக்கு ஆங்கிலத்தில் தனி வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார். அதுவும் நம் ஊர் வழக்கம்தான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்கு மாதாமாதம் மொழிபெயர்ப்புப் படி வழங்க வேண்டும். சொந்தத் தாயாரிடம் பேசும் நாளில் மட்டும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கடைத் தம்பியைத் தீவின் கௌரவக் கல்வி ஆலோசகராக அறிவிக்க வேண்டும். ஹிந்தி தெரியாத நிலையிலும் இன்னார் இந்தியரே என்று முத்திரையோடு எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஹிந்தியிலும் ஒரு வரி இருந்தால் பாட்டிகள் நம்புவார்கள்.

இன்னொன்றும் தோன்றியது. புதிதாக வரும் வாத்தியாருக்கு முதல் மாதம், மாலையில் ஒரு மணி நேரம், தீவிலேயே ஓய்வாக இருக்கும் ஒரு டீச்சரை வைத்துத் திவேஹி சொல்லிக்கொடுக்கலாம். செலவு தேநீரும் ஒரு தட்டு ஹெதிகா பலகாரமும். டெண்டர் விடவோ குழு அமைக்கவோ வழியில்லாத திட்டம் என்பதால் கோப்பில் ஏறாது என்று அறிவேன். தவிர, தெற்கே அட்டூ அடோலுக்கு மாற்றினால் படித்த திவேஹியும் பாதிதான் உதவும். அங்கே பேச்சே வேறு. 1976 வரை அங்குள்ள கான் தீவில் பிரிட்டிஷ் விமானப்படை இருந்ததால் அங்குள்ள தாத்தாக்கள் பேரன்களைவிட நல்ல ஆங்கிலம் பேசுவார்களாம். என்னை மாற்றுவதாக இருந்தால் தாத்தாக்களுக்குப் பாடம் நடத்த அனுமதிக்க வேண்டும்.

பதிலைத் திவேஹியிலேயே எழுதலாம், தடையில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து எழுதவும்: கடிதத்தைப் படித்துச் சொல்லப்போவது அதே ஏழாம் வகுப்புப் பையன்தான். சென்ற முறை என் சம்பளப் பிடித்தம் பற்றித் தாங்கள் விரிவாக எழுதியிருந்தீர்கள். நான் அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே கடைத் தம்பி எனக்குத் தக்காளியைக் கடனாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கணக்கு சார்