இளவரசர் ஏன் ஓட மறுக்கிறார்?

கேள்வி: பள்ளி நாட்களில் விளையாடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை மகனுக்குக் காட்டலாம் என்று புது லேப்டாப்பில் போட்டேன். திறக்கவே மாட்டேன் என்கிறது. விண்டோஸ் 11-இல் இளவரசருக்கு இடமே இல்லையா?

பதில்: இளவரசியை மீட்க அவருக்குக் கெடுவே 60 நிமிடம்தான். அதில் ஒரு நிமிடத்தைக்கூடத் தர மறுக்கிறது உங்கள் லேப்டாப்! 1990-இல் வந்த டாஸ் பதிப்பு 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் வசதி கிடையாது. விண்டோஸ் 11 வருவதோ 64 பிட்டில் மட்டும்.

‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் கார்டு என்று அத்தனை வேடத்தையும் அது ஒன்றே கட்டிக்கொள்ளும். விளையாட்டு இருக்கும் ஃபோல்டரை ‘மவுன்ட்’ கட்டளையால் சி டிரைவாக்கி, அந்த டிரைவுக்கு மாறி, புரோகிராமின் பெயரை அடித்தால் போதும். சில பழைய விளையாட்டுகளில் ஆள் தலைதெறிக்க ஓடுவார். கன்ட்ரோலோடு எஃப்11-ஐ அழுத்துங்கள், நிதானத்துக்கு வருவார். தூங்கி வழிந்தால் எஃப்12.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், ஆப்பிள் 2 கணினிக்காகத் தான் எழுதிய மூல நிரல் தொலைந்தே போனது என்று நினைத்திருந்தார். அவருடைய தந்தை கண்டெடுத்த பழைய ஃப்ளாப்பிகளிலிருந்து 2012-இல் அதை மீட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். எவ்வளவு பெரிய மனசு!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஃப்ளாப்பிகள் கிடந்தால், பூஞ்சை முந்திக்கொள்வதற்குள் நகலெடுத்து வையுங்கள்.