மாளிகை வேண்டாம், வாடி போதும்

நெடுநாள் தூங்கிக் கிடந்த ஒரு வீடியோ கேமை எழுப்புவதென்றால் அதைக் கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவியில்தான் எழுப்ப வேண்டும், சுவரை அடைத்து நிற்கும் பெரிய டீவியில் அல்ல என்பது என் கட்சி. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் இந்தக் கட்சிக்கு ஆள் சேர்ப்பது லேசான காரியமில்லை. மற்றக் கட்சிகள் புரியாணிப் பார்சல் தருகின்றன. என்னிடம் இருப்பது ஆதாரங்கள் மட்டும். ஆதாரத்தைத் தின்ன முடியாது என்பதால் கூட்டம் வருவதில்லை. ஆனாலும் வாடி என்றால் என்னவென்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் விளங்காவிட்டால் உலகத்தில் வேறு யாருக்கும் விளங்காது.

கற்பிட்டிக் குடாநாட்டிலும் அதற்கு வடக்கே பத்தலங்குண்டிலும் மீன்பிடிக் காலம் தொடங்கும்போது சம்மாட்டிமார் செய்வதைக் கவனியுங்கள். சோளகம் அடித்த மாதங்களில் வெறிச்சோடிக் கிடந்த கரைக்குத் திரும்பியதும் நாலு கம்பு நட்டு, கிடுகு போட்டு, ஒரு வாடி போடுகிறார்கள். மழை ஒழுகும், நண்டு உள்ளே வரும், நீட்டிப் படுத்தால் கால் வெளியே கிடக்கும். ஆனால் அடுத்த நாளே வலை கடலில் இருக்கும். மீன் பட்டால் கூரைக்குத் தகரம் போடலாம். படாவிட்டால் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வேறு கரைக்குப் போகலாம். மீன் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே கடற்கரையில் மாடி வீடு கட்டத் தொடங்கும் சம்மாட்டியை ஊர் என்ன பேசும் என்று நான் எழுத முடியாது. பத்திரிகையில் போட மாட்டார்கள். வீடியோ கேம் கம்பனிகளில் அப்படிப்பட்ட சம்மாட்டிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிறகு கவனிப்போம்.

என் முதல் சாட்சி ஒரு குரங்கு. குரங்கைச் சாட்சிக்கு அழைப்பதில் நம் நாட்டில் இனி யாரும் கூச்சப்படத் தேவையில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். அது கைவைத்தது பாணந்துறையில். படுத்துவிட்டது நம் நுரைச்சோலை. 900 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களில் முறை வைத்து மின்வெட்டு நடந்தது. நான் அழைக்கும் குரங்கு இதைவிட மூத்தது, பொறுப்பும் கூடியது. 1981இல் ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய டாங்கி காங், ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சட்டங்களின் உச்சியில் நின்று பீப்பா உருட்டியது. 1983இல் மூன்றாம் பாகம் வந்தது. அத்தோடு குரங்கு படுத்துத் தூங்கிவிட்டது. 1994 ஜூனில் நின்டென்டோ அதை எழுப்பியது, கேம் பாய் என்ற சாம்பல் நிறக் கைக்கருவியில். எழுப்பிய விதத்தில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. முதல் நாலு கட்டங்களும் 1981இன் அதே நாலு கட்டங்கள். பழைய ஆட்டக்காரர் அவற்றை முடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேசட்டைக் கழற்றப் போகும் நேரத்தில், தோற்று விழுந்த குரங்கு எழும்பிப் பெண்ணை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுகிறது. மிச்சம் 97 கட்டங்கள், மொத்தம் 101. தெரிந்ததை முதலில் கொடுத்து, தெரியாததைப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். உடனே ஒருவர் கை உயர்த்துவார்: அதே ஆண்டு பெரிய டீவிக்கும் ஒரு டாங்கி காங் வந்து சக்கைப்போடு போட்டதே? போட்டது, மறுக்கவில்லை. ஆனால் அது வந்தது நவம்பரில். வாடி ஜூனில், மாடி நவம்பரில். வரிசை எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

கைக்கருவிக்கு ஏன் இந்த ராசி என்று கேட்டால் குன்பெய் யோகோயிடம் போக வேண்டும். புல்லட் ரயிலில் ஓர் அலுவலக ஊழியர் கால்குலேட்டரைத் தட்டிப் பொழுதுபோக்கியதைக் கண்டு, 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற சட்டைப்பை ஆட்டத்தைச் செய்தவர் அவர். கேம் பாயும் அவர் குழுவின் வேலைதான். பழகிப்போன, மலிந்துபோன, புதுமை காய்ந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத பக்கமாகப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. அதன்படி 1989இல் வந்த கேம் பாய்க்கு நிறம் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. அடுத்த வருடமே சேகா கம்பனி நிறமும் விளக்குமாகக் கேம் கியரை இறக்கியது. கேம் பாய் நாலு பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. கேம் கியர் ஆறு பற்றரியை விழுங்கிவிட்டு மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் மறுபடி பசிக்கிறது என்றது. இரண்டையும் ஒரு பங்குனி மத்தியானம் கண்டக்குழிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் தீர்ப்பு உடனே கிடைக்கும். கேம் கியரில் நம் முகம்தான் தெரியும். கேம் பாயோ வெயில் ஏற ஏறத் தெளியும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததே, அன்றைக்கும் நாலு பற்றரியோடு கேம் பாய் பெரும்பகுதி தாக்குப்பிடித்திருக்கும். விளக்கில்லாததால் அந்த இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது என்பது ஒரு சிறு குறை. எதிர்க்கட்சி கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பற்றரியும் வெயிலும் இங்கே வேடிக்கைக்காக மட்டும் வரவில்லை. திரை சின்னது, நிறம் இல்லை, இடமும் இல்லை என்றால், பழைய ஆட்டத்தை எழுப்புகிறவர் அதில் எது உயிர், எது உடுப்பு என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். குரங்கு, பீப்பா, ஏணி, குதிப்பு, இவை உயிர். பெரிய டீவிக்குச் செய்கிறவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவர் குரங்கின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக வரைந்துகொண்டிருப்பார், ஏணியை மறந்துவிடுவார்.

இப்போது என் கட்சியின் பிரதான வழக்குக்கு வருகிறேன், இதில் எனக்குப் பாதி வெற்றிதான். யோகோயின் பிரிவு 1986இல் இரண்டு ஆட்டங்களை வெளியிட்டது: ஓகஸ்டில் மெட்ராய்டு, டிசம்பரில் கிட் இக்காரஸ். பின்னதில் பிட் என்ற சிறகுள்ள பையன் மெடூசாவோடு சண்டை போடுவான். 1991இல் கேம் பாயில் அதற்கு இரண்டாம் பாகம் வந்தது, ஆனால் சொந்த நாடான ஜப்பானில் அப்போது விற்பனைக்கே வரவில்லை. அதன்பிறகு இருபது வருடத் தூக்கம். 2012 மார்ச்சில் மசாஹிரோ சகுராய் பிட்டை எழுப்பினார், நின்டென்டோ 3டிஎஸ் என்ற கைக்கருவியில். பெயர் கிட் இக்காரஸ் அப்ரைசிங். ஆட்டம் தொடங்கியதும் பிட் செய்யும் முதல் வேலை, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்பது. இருபது வருடம் பிந்தி வந்து முதல் வாக்கியத்திலேயே மன்னிப்புக் கேட்கும் ஒருவரை நம் மாவட்டத்தில் எந்தப் பொதுக் கூட்டத்திலும் காண முடியாது. அதற்காகவே வாங்கலாம். எதிரிகளும் கடவுள்களும் சண்டைக்கு நடுவே அரட்டை அடித்துக்கொண்டே இருப்பார்கள், பழைய ஆட்டத்தையே கிண்டல் செய்வார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதல் ஆட்டத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் வாங்கினார்கள்.

பாதி வெற்றி என்றேனே, மறுபாதி கையில் இருக்கிறது, அதாவது கைவலியில். இடது கையால் கருவி முழுவதையும் தாங்கிக்கொண்டு, அதே கையின் பெருவிரலால் பிட்டை நகர்த்தி, அதே கையின் சுட்டுவிரலால் சுட வேண்டும். வலது கை எழுத்தாணி போன்ற குச்சியால் கீழ்த்திரையில் குறி பார்க்கும். கொஞ்ச நேரத்தில் இடது மணிக்கட்டு வழக்குப் போடும். கம்பனிக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்ததால் ஆட்டப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் தாங்கியை வைத்து விற்றார்கள், கருவியை மேசையில் நிறுத்தி ஆடுங்கள் என்று. இடதுகைப் பழக்கமுள்ளவர் குச்சியை இடது கையில் பிடித்து ஆட விரும்பினால் தனியாக இன்னொரு உபகரணம் வாங்க வேண்டும். கைக்கருவிக்கு மேசை கேட்பது, வாடிக்குள் சோபா செட்டை இறக்குவது. எதிர்க்கட்சியினர் இந்த இடத்தில் குதிப்பார்கள்: இந்த ஆட்டத்தைச் செய்த சகுராயின் கம்பனி அதே 2012இன் நடுவில் மூடப்பட்டது, பிட் மறுபடி தூங்கிவிட்டான், இப்போது பிறர் வீட்டுச் சண்டை ஆட்டங்களில் விருந்தாளியாக வந்து அடிவாங்குகிறான், இதுவா உங்கள் உயிர்த்தெழுதல் என்று. ஆமாம், இதுதான். மீன் பட்டது, காலம் முடிந்தது, கம்பைப் பிடுங்கினார்கள். வாடி நிரந்தரமாக நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

கம்பைப் பிடுங்காமல் தகரம் போட்டதற்கும் உதாரணம் இருக்கிறது, அதே 1986இன் மூத்த பிள்ளை மெட்ராய்டு. அதன் இருபரிமாணக் கதை 2002இல் ஒரு கைக்கருவியோடு நின்றது. அடுத்த பாகத்தை டிஎஸ் கருவியில் செய்யப் பார்த்தார்கள். நினைத்தது அந்தக் கருவிக்குள் அடங்கவில்லை என்று முயற்சியைக் கைவிட்டார்கள். 2017இல் ஒரு ஸ்பானிய நிறுவனத்தை வைத்து, 1991ஆம் ஆண்டுக் கேம் பாய் ஆட்டம் ஒன்றை 3டிஎஸ்ஸில் புதுப்பித்துப் பார்த்தார்கள். கை படிந்தது. அதே நிறுவனம்தான் 2021 ஒக்டோபரில் மெட்ராய்டு ட்ரெட்டைக் கொண்டுவந்தது. பத்தொன்பது வருட இடைவெளியை நாலு வருட ஒத்திகை சரிக்கட்டியது.

மாடி கட்டிய சம்மாட்டிமாரைக் கவனிப்பதாகச் சொல்லியிருந்தேன். டியூக் நியூக்கம் ஃபாரெவர் 1997இல் அறிவிக்கப்பட்டு 2011இல் வந்தது. அந்தப் பதினாலு வருடத்தில் அத்திவாரத்தையே மாற்றினார்கள். கடைசியில் உள்ளே குடியேறியவர்களுக்குக் கிடைத்தது 1997இன் பகிடிகள். ஷென்மூ 2001இல் நின்று, 2015இல் ரசிகர்களிடமே அறுபது லட்சம் டொலருக்கு மேல் திரட்டி, 2019இல் மூன்றாம் பாகமாக எழும்பியது. கதை இன்னும் முடியவில்லை. பால்டர்ஸ் கேட் 3 எப்படி என்று கேட்கிறவரை நான் மதிக்கிறேன். அவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். இருபத்துமூன்று வருடத் தூக்கத்துக்குப் பிறகு 2023இல் பெரிய திரையில் எழுந்து உலகத்தையே அள்ளிய ஆட்டம் அது. பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து வருடக்கணக்கில் கட்டியது. மாளிகை கட்ட முடியாது என்று நான் சொல்லவில்லை. மாளிகைக்குப் பணமும் பொறுமையும் உள்ளவர் தாராளமாகக் கட்டட்டும். மற்றப் பத்துப் பேரும் அவரைப் பார்த்துக் கட்டக் கிளம்புவதுதான் பிரச்சினை.

இதெல்லாம் பழைய நினைவை விற்றுக் காசாக்கும் தந்திரம் என்று இன்னொரு ஆட்சேபம் உண்டு. டோக்கியோவில் அது உண்மையாக இருக்கலாம். நம் கரையில் விற்பதற்கு அந்த நினைவே இல்லை. தொண்ணூறுகளில் இங்கே பிள்ளைகளின் கையில் இருந்தது நின்டென்டோ அல்ல, பிரிக் கேம். பெட்டியின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே கட்டை அடுக்குவது, கார் ஓட்டுவது, பாம்பை வளர்ப்பது, சுடுவது என்று ஒரு சில. மிச்சம் வேகத்தையும் கட்டத்தையும் மாற்றிப் பெருக்கிய கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் மத்திய வங்கியில் சேர்ந்திருந்தால் நமக்கு டொலர் தட்டுப்பாடே வந்திருக்காது. அதில் வளர்ந்தவர் கையில் 1994இன் டாங்கி காங்கைக் கொடுத்தால் அவருக்கு அது புத்தம் புதிய ஆட்டம். எழுப்பப்பட்டது என்ற செய்தியே அவருக்குத் தெரியாது. தெரியாமலே பிடித்துப்போனால் அது தந்திரமில்லை, ஆட்டம்.

போன் இருக்கும்போது இன்னொரு கருவி எதற்கு என்பதுதான் ஆகப் பலமான ஆட்சேபம். பொத்தான் இல்லாத கண்ணாடியில் குதிப்பதிலுள்ள சிரமத்தையோ, குதிக்கும் நேரம் பார்த்து உம்மா அழைப்பெடுத்து எங்கே நிற்கிறாய் என்று கேட்பதையோ நான் பெரிதாக்கப் போவதில்லை. என் பதில் வேறு. தூங்குவதற்கும் ஓர் உடம்பு வேண்டும். நின்டென்டோ 2018இல் போனுக்கென்று தொடங்கிய டிராகாலியா லாஸ்ட், 2022 நவம்பரில் சேவையை நிறுத்தியதும் இல்லாமலே போயிற்று. எடுத்து வைக்க ஒரு கேசட்டும் இல்லை. 3டிஎஸ்ஸின் இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டதுதான். ஆனால் பிட்டின் கேசட்டை வைத்திருப்பவர் இன்றைக்கும் போட்டு ஆடலாம், அவனும் இன்றைக்கும் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்பான். உப்புக்காற்றில் கேசட்டின் செப்புப் பல் கறுக்கும், உண்மை. துடைத்துப் போட்டால் ஓடும். மூடிய சேவையைத் துடைக்க முடியாது.

சகுராய் சும்மா இருக்கவில்லை. 2003இல் நின்றுபோன கிர்பியின் பந்தய ஆட்டத்தை 2025 நவம்பரில் சுவிட்ச் 2இல் எழுப்பினார். அடுத்தது பிட்டாக இருக்கட்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருவன், தாங்கி இல்லாமல் வருவதாக இருந்தால். சுவிட்ச் 2 கையிலும் இருக்கும், டீவியிலும் ஏறும் என்பதால் என் கட்சிக்கு அது சிக்கலான நண்பன். வேறொரு சிக்கலும் உண்டு. அதன் பற்றரி இரண்டு முதல் ஆறரை மணித்தியாலம் வரை தாங்கும் என்று நின்டென்டோவே சொல்கிறது. நிறம் உண்டு, விளக்கு உண்டு, பசியும் உண்டு. கேம் பாய் வந்து 36 வருடம் கழித்து நின்டென்டோ ஒருவழியாகக் கேம் கியரைச் செய்து முடித்திருக்கிறது.