ஹெரால்டின் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்!

கே: சிதறால் மலையடிவாரத்தில் ஒரு ஞாயிறு காலை பழைய கார்களையும் ஸ்போர்ட்ஸ் கார்களையும் வரவழைத்து ஒரு சந்திப்பு நடத்தலாமா? (வாசகர், சிதறால்)

ப: தாராளமாக. நானும் வருகிறேன். பத்து கார் போதும். கிராமத்துச் சாலைக்கு அதுவே திருவிழா. ஆறரைக்குள் எல்லோரும் வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் ரேடியேட்டரும் கொதிக்கும், வேடிக்கை பார்க்க வந்தவரும் கொதிப்பார். மலைக்கோவில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முறைப்படி அனுமதி கேட்டுவிடுங்கள். ஹாரனும் ஆக்ஸிலேட்டர் உறுமலும் அங்கே வேண்டாம். மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறார்கள். கீழே அறுபது வயதுக்காரர்கள் கொஞ்சம் அடக்கமாக நிற்பதுதான் மரியாதை. மலையேறி இறங்கியதும் மாத்தூர் தொட்டிப்பாலம் வரை வரிசையாக ஓட்டிப் போங்கள். 115 அடி உயரத்தில் தண்ணீர் போகும் அந்தப் பாலம் 1966-இல் கட்டியது. உங்கள் கார்களில் பாதிக்கு அது சம வயது.

கே: சந்திப்புக்குள் நுழைந்ததும் முதலில் எந்தக் காரிடம் போவீர்கள்? (வாசகி, மார்த்தாண்டம்)

ப: கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டிடம். 1961-இல் சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செய்ய ஆரம்பித்த கார். இங்கிலாந்து டிரயம்ப் ஹெரால்டின் தம்பி. வடிவம் இத்தாலியர் மிகெலோட்டி கொடுத்தது. உரிமையாளரிடம் பணிவாக, ‘பானெட்டைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்’ என்று கேளுங்கள். மற்ற கார்களில் மூடி மட்டும் தூக்கும். இதில் இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து காரின் மூஞ்சி முழுக்க முன்னால் கவிழும். 948 சிசி இன்ஜின், ஸ்டியரிங் ராடு, முன் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வால்வு கிளியரன்ஸ் பார்க்கலாம், இடுப்பு பிடிக்காது. ஒரு கார் எப்படி ஓடுகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்தே நிமிடத்தில் விளக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. டிரயம்ப் போட்டது இரண்டு கதவு; நம் ஊர்க் குடும்பங்களுக்காக நான்கு கதவு ஹெரால்டைப் பின்னால் சென்னையில்தான் செய்தார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை.

கே: பெயின்ட் பளபளவென்று இருந்தாலே நல்ல கார்தானே? (வாசகர், குலசேகரம்)

ப: சட்டைப்பையில் சின்னக் காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் சம்மதத்தோடு, மெல்லிய துணி சுற்றி, கதவின் அடிப்பாகத்திலும் மட்கார்டு விளிம்பிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தகரம், நழுவினால் உள்ளே பட்டி. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, போதாததற்கு உப்புக்காற்று. துரு கதவின் அடியிலிருந்துதான் கிளம்பும். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற அங்கே சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தால் கதவு உள்ளுக்குள்ளேயே அழுகும். அந்தத் துளைகளைக் குச்சி விட்டுச் சுத்தமாக வைத்திருப்பவரே என் கணக்கில் நல்ல கார்க்காரர். பெயின்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை.

கே: கூரை இல்லாமல், தரையோடு தரையாக இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் காரா? (வாசகர், நாகர்கோவில்)

ப: கூரையில் என்ன இருக்கிறது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், நாம் கல்யாணத்துக்குப் போன அதே ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே சீறின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. கோவையின் கரிவரதன் செய்ததை நினைத்துப் பாருங்கள்: மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். வசதி குறைந்த இளைஞர்களும் பந்தயம் பழக அது வழிவிட்டது. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில் நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். மண் ராசி என்பார்கள். நான் லேத்துப் பட்டறை ராசி என்பேன்.

கே: நடிகர் அஜித்தின் கார்ப் பந்தயம்? (வாசகி, களியக்காவிளை)

ப: 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம். ஒரு நாள் முழுக்க உடையாமல் ஒரு காரை ஓட்டி முடிப்பதே பெரிய காரியம்.

கே: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துக்கொள்ளுமா? (வாசகர், கருங்கல்)

ப: கவனம் வேண்டும். இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் கார்பரேட்டர் வாஷரையும் உப்ப வைக்கும், பிறகு விரிசல் விட வைக்கும். ரப்பர் விளையும் மாவட்டத்துக்காரர் நீங்கள், ரப்பரின் குணம் உங்களுக்குத் தெரியும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோல் தேங்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை மார்த்தாண்டம் வரை ஓட்டிவிட்டு வந்தால் காருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கே: பாட்டாவின் அம்பாசடர் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. பேட்டரி வாங்கிப் போட்டு ஸ்டார்ட் செய்து, சிதறால் சந்திப்புக்கு ஓட்டி வரட்டுமா? (வாசகர், அருமனை)

ப: சாவியைத் தொடாதீர்கள்! முதலில் டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். இன்ஜின் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாட்டா காலத்து ஹேண்டில் ஷெட் மூலையில் கிடந்தால் அதை மாட்டிக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பிஸ்டன் பிடிக்கவில்லை. பாட்டா நல்லபடியாக வைத்திருக்கிறார். இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்; பலம் காட்டினால் செலவு பத்து மடங்கு. வயரிங்கை எலி கடித்திருக்கும், ஏர் ஃபில்டருக்குள் அது குடும்பமே நடத்தியிருக்கும். அதையும் பாருங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆனாலும் ரோட்டுக்கு வராதீர்கள். பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப்புகளை மாற்றாத கார் கிளம்பும், நிற்காது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல்தான் நின்றது; அதைக் கையில் பழகியவர்கள் நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. இந்த மாதமே தேடிப் பிடியுங்கள்.

கே: பழைய காருக்குத் தனி நம்பர் தருகிறார்களாமே? (வாசகர், தக்கலை)

ப: ஆமாம், 2021-இல் வந்த விதி. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினை மாற்றியமைத்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவாகும் காரின் நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். மீன் வாங்கச் சந்தைக்குப் போக முடியாது. அதனால் தினமும் ஓட்ட ஆசைப்படுகிறவர், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

கே: உதிரிபாகம்? (வாசகர், திருவட்டாறு)

ப: முதல் படி சென்னை புதுப்பேட்டை. அங்கே இல்லாததைக் கோவை லேத்துகளில் கடைந்து வாங்கலாம். மனம் தளர்ந்தால் இலங்கையை நினையுங்கள். 1990-களில் மோரிஸ் மைனர் காருக்கான தகட்டுப் பாகங்களை அங்கே செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்!

கே: நம் மண்ணோடு தொடர்புள்ள பழைய கார் எது? (வாசகி, பத்மநாபபுரம்)

ப: திருவனந்தபுரத்தில், திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் மெர்சிடிஸ் பென்ஸ். 1950-களில் வாங்கியது, பெங்களூர்ப் பதிவு, ‘சி.ஏ.என். 42’. நம் மாவட்டம் 1956-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த அதே பத்தாண்டு. பல லட்சம் மைல் ஓடிய அந்தக் காருக்குப் பதில் புதுக் கார் தருகிறோம் என்று கம்பெனியே சொல்லியும் அவர் கொடுக்கவில்லை என்பார்கள். 2013-இல் மறையும்வரை அது அவரோடுதான் இருந்தது.

கே: சந்திப்பில் முதல் பரிசை எந்தக் காருக்குக் கொடுப்பது? (மீண்டும் சிதறால் வாசகர்)

ப: காருக்கு வேண்டாம். ஒவ்வொரு உரிமையாளரும் தன் மெக்கானிக்கையும் டிங்கரையும் கூடவே கூட்டி வரட்டும். காருக்கு முன்னால் வைக்கும் அட்டையில் வருடம், மாடல், உரிமையாளர் பெயரோடு அவர்கள் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். யார் கைபட்ட கார் வீட்டிலிருந்து லாரியில் ஏறாமல் சொந்தக் காலில் ஓடி வந்ததோ, அவருக்குப் பரிசு: ஒரு முழு ரிங் ஸ்பேனர் செட். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களுக்கு ஏற்ற அங்குல அளவில் வாங்குங்கள். மில்லிமீட்டர் செட் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.