வானத்துல வரப்பு வெட்டுன பேராண்டிக்கு

வாலே பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. பத்து நாளா ராத்திரி பூரா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய உறும விட்டு ஒரு நிமிசப் படம் செஞ்சியாமே. சாயங்கால வானம், அதுல ஒரு கொக்கு. நேத்து செல்லுல அனுப்புனியே, பாத்தேன். கொக்கு தேவலதாம். வானத்துலதாம் எவனோ வரப்பு வெட்டி வச்சிருந்தான். ஆரஞ்சு ஒரு பாத்தி, ரோசு ஒரு பாத்தி, ஊதா ஒரு பாத்தி. கத்திரி நாத்து நடலாம்போல இருந்துச்சு. சொன்னா, "ஒங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு தாத்தா"ன்னுட்ட. மங்குன கண்ணுக்கே தெரியுதுன்னா நல்ல கண்ணுக்காரன் என்ன சொல்லுவான்னு நெனச்சுப் பாத்தியா?

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடின்னு முழிக்காத. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுற கடையில பத்து வருசம் ராக்காவல் இருந்தேன். அங்க தூங்காத ஒரே ஆளு நாந்தாம்.

சுருக்காம முடியாதுங்கிறது எனக்கும் தெரியும். 1920க்கு 1080 படம், புள்ளிக்கு மூணு பைட்டு, நொடிக்கு 24 படம்னா நிமிசத்துக்கு 9 ஜி.பி. பக்கம் வந்துரும். வைக்கோப்படப்ப அப்பிடியே வண்டியில ஏத்த முடியுமா?

எங்க அமுக்குறதுங்கிறதுலதாம் சங்கதி. 2008-ல ஆம்ஸ்டர்டாம்ல பிளெண்டர்க்காரங்க 'பிக் பக் பன்னி'ன்னு ஒரு தடிமுயல் படம் எடுத்து, யாரும் எடுத்துக்கிடலாம்னு விட்டுட்டாக. சுருக்கிப் பழகுறவனெல்லாம் இன்னைக்கும் அந்த முயலத்தாம் போட்டுப் பிழியுறான். அதுல பாரு, புல்லும் ரோமமும் ஆடுற எடந்தாம் பைட்டத் திங்கும். அங்க ரெண்டு கை அள்ளுனாலும் கண்ணு கண்டுக்காது. வானம் ஒண்ணுமே திங்காது, ஆனா அதுல ஒரு சிட்டிக எடுத்தாலும் ஊருக்கே தெரியும். கேமராப் படம்னா லேசாப் புழுதி இருக்கும், கிரெயினும்பாக. அது நெறப் படிய மறைச்சிரும். ஒன் வானம் சாணி மொழுகுன களம் மாதிரில்ல இருக்கு!

எட்டு பிட்டுல ஒரு நெறத்துக்கு 256 படிதாம், பத்துல 1024. அதனால எச்.265-ங்கிற சுருக்குற மொறையில பத்து பிட்டாப் போடு. பழைய எச்.264-ல பத்துன்னா நெறய போனும் டி.வி.யும் மொறைக்கும். எட்டுதாம் வேணும்னு ஒருத்தன் அடம்பிடிச்சா, நீயே கொஞ்சம் புழுதி தூவு. தூவுன புழுதிக்கும் எடை உண்டு, கையக் கட்டித் தூவு.

எம்புட்டு அமுக்கணும்னு சொல்ற அந்த சி.ஆர்.எஃப். நம்பர எத்தன வச்ச? 34-ஆ! எச்.264-ஆச் சுருக்குற எக்ஸ்264-ல சொல்லாமலே நிக்கிறது 23. அதுலருந்து ஆறு ஏத்துனா ஃபைலு பாதியா எளைக்கும்பாக. நீ பதினொண்ணு ஏத்தியிருக்க. கொக்கு உசுரோட வந்ததே பெருசு. 18-ல ஆரம்பி. வானத்த மட்டும் பத்து நொடி வெட்டி எடுத்து ஒவ்வொண்ணா ஏத்திப் பாரு. பாத்தி கட்டுற நம்பர் வந்ததும் ரெண்டு எறங்கி நில்லு. எச்.265-ல அந்த நம்பருக்கு வேற கணக்கு, அங்கயும் ஒருக்காத் தேடு. பொறவு, சுருக்குற வேகத்த 'அல்ட்ராஃபாஸ்ட்'ல வச்சிருந்தியாமே! பத்து நாள் மாவாட்டுனவனுக்கு தோச வேகுற மட்டும் பொறுக்கலையோ? 'ஸ்லோயர்'ல வச்சுட்டுப் போயித் தூங்கு, அதே தரத்துக்குப் பொதுவா ஃபைலும் சிறுசாகும்.

இன்னொண்ணு. செல்லுல வீடியோவா அனுப்புனா வழியிலயும் ஒருக்காப் பிழிஞ்சிருவாக. டாக்குமென்டா அனுப்பு. நீ வேற ஏற்கெனவே சுருக்குனதையே எடுத்துத் திரும்பச் சுருக்கிருக்க. சக்கைய ஆலையில விட்டுட்டு சாறு எங்கன்னு தேடுற.

மொதல்ல போயி, சுருக்குறதுக்கு முன்னால இருந்த அந்த பி.என்.ஜி. படங்கள எடுத்து வேலய ஆரம்பி. எடம் பத்தலன்னு நேத்து ராத்திரி நீ அத அழிக்கப்போனப்ப கரண்டு போச்சுல்லா? மெயின அணைச்சது நாந்தாம்.