ரிமோட்டில் உருவிய செல்

வெள்ளியங்கிரி ஏற ஆயிரக்கணக்கில் ஷூவுக்குக் கொடுப்பவர், நெற்றி டார்ச்சுக்கு மட்டும் டிவி ரிமோட்டிலிருந்து செல்லை உருவிக்கொண்டு வருவார். பூண்டி அடிவாரத்தில் ஜகஜோதி. ஏழாவது மலைக் குளிர்காற்றில் மின்மினி. அல்கலைனுக்குக் குளிர் ஆகாது, உள்ளே வேதிவினை மந்தமாகிவிடும். லித்தியம் செல்லோ மைனஸ் 40 டிகிரியிலும் அசராது, எடையும் குறைவு. விலைதான் சுடும். ரீசார்ஜ் செல் வெறும் 1.2 வோல்ட்தானே என்று உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு, 1.5-ல் தொடங்கும் அல்கலைன் பாதி வழியிலேயே அங்கே இறங்கிவிடுவது அவர்கள் கண்ணில் படாது.

நான் ஒருமுறை புதுசு இரண்டோடு பழசு ஒன்றைச் சேர்த்துப் போட்டேன். பழசு, புதுசுகளையும் சேர்த்துக் கவிழ்த்தது. கூட்டுக் குடும்பம்! முன்னால் போன பெரியவரின் வெளிச்சத்தில் ஒண்டிக்கொண்டே இறங்கினேன்.

ரிமோட் செல்லை ரிமோட்டிலேயே விட்டுவிடுங்கள், சாமி. வீட்டில் சீரியல் பார்க்க வேண்டும்.